பழசா, புதுசா? ஒரு மின்சாரக் கார் வாங்கிய கதை

போன வருடம் எங்கள் வீட்டில் மூன்று மாதம் ஒரே விவாதம். மின்சாரக் கார் வாங்குவது என்று முடிவாகிவிட்டது. புதுசா, பழசா என்பதில்தான் தகராறு.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. பெரிய ஆபத்து இல்லாமல் தப்பித்தாலும் இடது கையும் காலும் தளர்ந்துவிட்டன. வாரம் இரண்டு முறை ராசிபுரத்தில் உடற்பயிற்சி சிகிச்சை, மாதம் ஒரு முறை சேலத்தில் டாக்டர். முள்ளுக்குறிச்சியிலிருந்து ராசிபுரம் போய்வர ஐம்பது கிலோமீட்டர் பக்கம், சேலம் போய்வர நூறு பக்கம் ஆகும். பஸ் படியில் அவளை ஏற்ற முடியாது. வாடகைக் காருக்கு மாதம் பன்னிரண்டாயிரம் போய்க்கொண்டிருந்தது. என் ஓய்வூதியத்தில் அது பெரிய துண்டு.

கோயம்புத்தூரில் இருக்கும் மகன், "அப்பா, புதுசு வாங்குங்க, மீதிக்கு நான் லோன் போட்டுக்கறேன்" என்றான். நாமக்கல்லில் இருக்கும் என் மைத்துனருக்கு லாரி புரோக்கர் தொழில். அவர் வேறு மாதிரி சொன்னார். "மாமா, மின்சாரக் கார் ரெண்டு வருசத்துல பாதி விலைக்கு வந்துடுது. புதுசு வாங்கறவன் காசுல நீங்க ஓட்டுங்க."

எனக்கு எழுபது வயது. மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவன். எதையும் அதன் பழைய வரலாற்றைப் பார்க்காமல் முடிவு செய்ய மாட்டேன் என்பது இதைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். அப்படிப் படித்ததையும், கடைசியில் நாங்கள் செய்ததையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

பழசு, புதுசைவிட விலை கூடியிருந்த காலம்

நம் வயதுக்காரர்களுக்கு இது மறந்திருக்காது. 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் கார் என்றால் அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று விரல் விட்டு எண்ணும் அளவுதான். எத்தனை கார் செய்யலாம் என்பதற்கு அரசாங்க லைசென்ஸ் உண்டு. பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் ஒரு விசித்திரம் நடந்தது. நல்ல நிலையில் உள்ள பழைய காருக்குப் புதுக் காரைவிட விலை அதிகம். புதுசுக்கு வரிசையில் நிற்க வேண்டும், பழசு இன்றைக்கே கைக்கு வரும். அந்த வித்தியாசத்துக்குத்தான் காசு.

ஸ்கூட்டரிலும் இதே கதைதான். 1981இல் நான் ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கினேன். ஷோரூம் விலையைவிட ஆயிரத்து இருநூறு ரூபாய் கூடக் கொடுத்தேன். என் அப்பா, "பழைய பாத்திரத்துக்குப் புதுப் பாத்திரத்தைவிட விலையாடா?" என்று ஒரு மாதம் பேசவில்லை.

1983 டிசம்பர் 14ஆம் தேதி முதல் மாருதி 800இன் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். அதற்கும் முதலில் வரிசைதான். 1993இல் கார் தொழிலுக்கு லைசென்ஸ் முறை போன பிறகு கம்பெனிகள் வந்தன, வரிசை கரைந்தது. பழசு என்றால் மலிவு என்கிற சாதாரண உலகத்துக்கு நாம் அப்புறம்தான் வந்து சேர்ந்தோம்.

மின்சாரக் காரில் இது இன்னும் வேகமாக நடக்கிறது. ஒவ்வொரு வருடமும் புது மாடல் கூடுதல் தூரம் ஓடுகிறது, விலையும் இறங்குகிறது. டாடா நெக்ஸான் மின்கார் 2020 ஜனவரியில் வந்தபோது ஆரம்ப விலை 13.99 லட்சம். 2022 செப்டம்பரில் அதே கம்பெனியின் டியாகோ மின்கார் 8.49 லட்சத்துக்கு வந்தது. போதாக்குறைக்கு அரசாங்கமும் புதுசின் பக்கம் நிற்கிறது. புது மின்காருக்கு ஜிஎஸ்டி 2019 ஆகஸ்டிலிருந்து 5 சதவீதம்தான். தமிழ்நாட்டில் சாலை வரி விலக்கும் கிடைக்கிறது. பழைய காரை வியாபாரி விற்றால், அவருடைய லாபப் பகுதியின் மேல் 18 சதவீதம் என்று 2024 டிசம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் தீர்மானித்தது. மின்காருக்கும் அதே கணக்குதான். தனி ஆள் தனி ஆளுக்கு விற்றால் அந்த வரி இல்லை. இதையெல்லாம் பார்த்தால் பழைய மின்காரின் விலை வேகமாக விழுவதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் விலை விழுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பயம். பேட்டரி போய்விட்டால் என்ன செய்வது என்கிற பயம். அந்தப் பயம் நேற்று வந்தது இல்லை, நூற்றுப் பதினைந்து வருடப் பழசு.

1910இல் கண்டுபிடித்த வழி

மின்சாரக் கார் ஏதோ புதுக் கண்டுபிடிப்பு என்று நம் பேரப்பிள்ளைகள் நினைக்கிறார்கள். 1900ஆம் வருடம் அமெரிக்காவில் செய்த கார்கள் மொத்தம் 4,192. அதில் நீராவி 1,681, மின்சாரம் 1,575, பெட்ரோல் வெறும் 936. கைப்பிடி போட்டுச் சுற்ற வேண்டியதில்லை, புகை இல்லை, சத்தம் இல்லை. டெட்ராய்ட் எலக்ட்ரிக் என்று ஒரு கார் 1907இல் வந்தது. பெட்ரோல் கார் விற்றே உலகப் பணக்காரர் ஆன ஹென்றி போர்டின் மனைவி கிளாரா, அந்த மின்காரைத்தான் ஓட்டினார்.

அப்போதும் வாங்குகிறவர்கள் கேட்ட கேள்வி இதேதான். இந்த ஈய பேட்டரி எத்தனை நாள் வரும், போனால் யார் செலவு? அமெரிக்காவில் ஹார்ட்போர்டு என்ற ஊரின் மின்சாரக் கம்பெனி 1910இல் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. மின் லாரி வாங்குகிறவர் வண்டியைப் பேட்டரி இல்லாமல் வாங்கிக்கொள்ளலாம். பேட்டரி மின்சாரக் கம்பெனியுடையது. தீர்ந்தால் கழற்றிக் கொடுத்துவிட்டு, சார்ஜ் ஏற்றிய வேறு பேட்டரியை மாட்டிக்கொண்டு போகலாம். ஓடிய மைலுக்கு இவ்வளவு, பராமரிப்புக்கு மாதம் இவ்வளவு என்று கட்டணம். 1924 வரை இந்த ஏற்பாடு நடந்தது. மொத்தம் 60 லட்சம் மைலுக்கு மேல் அந்த வண்டிகள் ஓடின.

இதைப் படித்தபோது எனக்கு நம் நாமக்கல் ஞாபகம் வந்தது. லாரி வாங்குகிறவர்கள் கம்பெனியிலிருந்து சேசிஸை மட்டும் எடுத்து வருவார்கள். பாடி கட்டுவது நாமக்கல்லிலோ திருச்செங்கோட்டிலோதான். பழைய லாரிக்கு விலை பேசும்போதும் என் மைத்துனர் சேசிஸ் இஞ்சினுக்கு ஒரு விலை, பாடிக்கு ஒரு விலை என்று தனித்தனியாகத்தான் மனக்கணக்குப் போடுவார். ஹார்ட்போர்டுக்காரர்களும் அதைத்தான் செய்திருக்கிறார்கள். மின்வண்டி என்பது ஒரு பொருள் இல்லை, இரண்டு பொருள். வண்டி ஒன்று, பேட்டரி ஒன்று. இரண்டும் மூப்படையும் விதம் வேறு.

பிறகு மின்கார்கள் ஏன் மறைந்தன? 1908இல் போர்டின் மலிவான மாடல் டி வந்தது. 1912இல் காடிலாக் காரில் பொத்தான் தொட்டால் இஞ்சின் கிளம்பும் செல்ப் ஸ்டார்ட்டர் வந்தது. கைப்பிடி சுற்றும் தொல்லை போனதும் மின்காரின் பெரிய சௌகரியம் அடிபட்டுப் போயிற்று.

நம் பக்கத்தில் நடந்த முயற்சிகள்

இந்தியாவின் முதல் மின்காரில் நம் கோயம்புத்தூருக்கும் பங்கு உண்டு. லவ்பேர்டு என்று பெயர். எட்டி கரண்ட் கன்ட்ரோல்ஸ் என்ற கம்பெனி, ஜப்பானின் யாஸ்காவா எலக்ட்ரிக்கோடு சேர்ந்து செய்தது. கேரளத்தில் சாலக்குடியிலும் இங்கே கோயம்புத்தூரிலும் வேலை நடந்தது. 1993இல் டெல்லி வாகனக் கண்காட்சியில் காட்டினார்கள். இரண்டு பேர் உட்காரும் குட்டி வண்டி. ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் 60 கிலோமீட்டர். செங்குத்தான ஏற்றத்தில் திணறும். கொல்லிமலைக்கு ஆகாது. விற்பனை சில பத்துக்களைக்கூடத் தாண்டவில்லை.

அடுத்தது பெங்களூரில் சேத்தன் மைனியின் ரேவா. 2001இல் விற்பனைக்கு வந்தது. ஆறு வோல்ட் ஈய பேட்டரிகள் எட்டு. சார்ஜுக்கு 80 கிலோமீட்டர். லண்டன் தெருக்களில் ஜி-விஸ் என்ற பெயரில் ஓடியது. அங்கே நகருக்குள் நுழையக் கட்டும் நெரிசல் கட்டணம் அதற்கு இல்லை என்பதால் கிராக்கி. ஆனால் ஈய பேட்டரி சில வருடங்களில் தளர்ந்துவிடும், முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டும். பழைய ரேவா வாங்கியவருக்கு வண்டி மலிவாகக் கிடைத்தாலும், பேட்டரிச் செலவு சீக்கிரமே வாசலில் வந்து நின்றது.

2010இல் மகிந்திரா அந்தக் கம்பெனியை வாங்கியது. 2013 மார்ச்சில் லித்தியம் பேட்டரியோடு இ2ஓ என்ற கார் வந்தது. விலை கூடுதல் என்று ஜனங்கள் தயங்கினார்கள். அடுத்த வருடம் என்ன செய்தார்கள் தெரியுமா? கார் விலையிலிருந்து பேட்டரியைப் பிரித்துவிட்டு, பேட்டரிக்கு மாத வாடகை என்றார்கள். 2024 செப்டம்பரில் எம்ஜி வின்ட்சர் வந்தபோதும் அதே வழிதான். கார் 9.99 லட்சம், பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய். நூறு வருடத்துக்கு முன்னால் ஹார்ட்போர்டில் போட்ட கணக்கைத் தமிழ்நாட்டு ஷோரூமில் புதுச் சட்டை போட்டு நிறுத்தியிருந்தார்கள்.

ஆக, "புதுசா பழசா" என்ற கேள்வியே சரியில்லை என்று எனக்குப் பட்டது. பேட்டரியின் மூப்பு யார் தலையில் விழப் போகிறது என்பதுதான் சரியான கேள்வி.

இலங்கையில் லீஃப் வாங்கியவர்கள்

பழைய மின்கார் வாங்குவதில் நமக்கு முன்னால் அனுபவப்பட்டவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். இலங்கையில் 2014, 2015 வாக்கில் மின்காருக்கு இறக்குமதி வரி குறைவாக இருந்தது. ஜப்பானில் சில வருடம் ஓடிய நிசான் லீஃப் கார்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கின. 2015 நவம்பர் பட்ஜெட்டில் வரியை ஏற்றியதும் வரத்து சுருங்கிவிட்டது.

லீஃப் காரின் முகப்பில் பேட்டரியின் ஆரோக்கியத்தைக் காட்ட 12 கோடுகள் உண்டு. பேட்டரி தளரத் தளர ஒவ்வொரு கோடாக அணையும். அந்தக் காரில் பேட்டரியைக் குளிர்விக்கத் திரவ ஓட்டம் கிடையாது. குளிர் நாட்டில் அது பெரிய குறையாகத் தெரியவில்லை. 2012இல் அமெரிக்காவில் அரிசோனா பாலைவனப் பகுதிக்காரர்கள், வாங்கி இரண்டு வருடத்திலேயே கோடுகள் அணைவதாகப் புகார் சொன்னார்கள். கம்பெனி பிறகு பேட்டரியின் கொள்ளளவுக்கும் உத்தரவாதம் கொடுக்க வேண்டியதாயிற்று. இலங்கையிலும் கார் வாங்கியவர்கள் ஓடிய கிலோமீட்டரைக் கேட்பதைவிட, எத்தனை கோடு மிச்சம் என்று கேட்கக் கற்றுக்கொண்டார்கள்.

நம் ஊர் வெயிலுக்கு இது பெரிய பாடம். பங்குனி, சித்திரையில் ராசிபுரம் ரோட்டில் நிறுத்திவைத்த காரின் கைப்பிடியைத் தொட முடியாது. பேட்டரிக்குக் குளிர்விக்கும் ஏற்பாடு இருக்கிறதா என்பதை நான் முதல் கேள்வியாக வைத்துக்கொண்டேன்.

துணை மின் நிலையத்தில் நான் படித்த பாடம்

பேட்டரியை எனக்குப் புத்தகத்தில் மட்டும் தெரிந்தது இல்லை. துணை மின் நிலையத்தில் பேட்டரி ரூம் என்று ஒன்று இருக்கும். இரண்டு வோல்ட் செல்கள் 55 வரிசையாக நிற்கும், மொத்தம் 110 வோல்ட். கோளாறு வந்தால் பிரேக்கரைத் தட்டி விடுவது இந்தப் பேட்டரியின் சக்திதான். அது செத்திருந்தால் லைனில் தீப்பிடித்தாலும் பிரேக்கர் அசையாது. அதனால் வாராவாரம் ஹைட்ராமீட்டரை விட்டு ஆசிட்டின் அடர்த்தி பார்ப்போம், டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவோம், செல் செல்லாக வோல்டேஜ் எழுதுவோம்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு நிலையத்தில் இப்படி எழுதிக்கொண்டு போனேன். 55 செல்லும் சரியாக இருந்தன. என் மூத்த போர்மேன் சிரித்தார். "தம்பி, சும்மா இருக்கும்போது எல்லா செல்லும் நல்ல செல்தான். லோடு போட்டுப் பாரு" என்றார். சுமையை ஏற்றியதும் ஒரு செல்லின் வோல்டேஜ் கிணற்றில் கல் போட்ட மாதிரி விழுந்தது. ஒரு பலவீனமான செல் போதும், மொத்த வரிசையும் அதோடு இழுபடும்.

மின்காரின் பேட்டரியும் செல்களின் வரிசைதான். ரசாயனம் ஈயத்திலிருந்து லித்தியத்துக்கு மாறியிருக்கிறது, போர்மேன் சொன்னது மாறவில்லை. ஷோரூம் வாசலில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்பது சும்மா இருக்கும் செல்லைப் பார்ப்பதற்குச் சமம்.

இரண்டு கார்கள்

முதலில் ஒரு ஊரில் ஒரு பழைய கார் வியாபாரியிடம் போனோம். நான்கு வருடக் கார், விலை குறைவு, பளபளவென்று இருந்தது. மின்கார்களுக்குப் பச்சை நம்பர் பலகை என்பது தெரியும் அல்லவா. அதில் எழுத்து வெள்ளையாக இருந்தால் சொந்த வண்டி, மஞ்சளாக இருந்தால் வாடகை வண்டி. இதில் எழுத்து வெள்ளை. ஆனால் ஆர்.சி. விவரத்தைத் துருவியபோது முன்பு வாடகை வண்டியாக ஓடி, பிறகு சொந்தத்துக்கு மாற்றியது தெரிந்தது. வாடகை வண்டி தினமும் வேக சார்ஜரில் நிற்கும். வேக சார்ஜும் வெயிலும் சேர்ந்தால் பேட்டரிக்கு ஆகாது. வாடகைக்கு ஓடிய வண்டிக்குப் பேட்டரி உத்தரவாதமும் வேறாக இருக்கலாம். "மலை ஏற்றிப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். "அதெல்லாம் வழக்கம் இல்லீங்க" என்றார். எழுந்து வந்துவிட்டோம்.

மகனுக்கு அன்றைக்குக் கோபம். "அம்மாவை வச்சுக்கிட்டு நடு ரோட்ல நின்னா என்னப்பா பண்ணுவீங்க? நாலு லட்சம் மிச்சம் பண்ணி என்ன ஆகப் போவுது?" என்றான். அவன் பேச்சிலும் நியாயம் இருந்தது. இப்போது சில புது மாடல்களுக்குப் பேட்டரிக்கு ஆயுள் உத்தரவாதம் என்றே கொடுக்கிறார்கள், டாடாவில் அது 15 வருடம். ஆனால் அது முதல் உரிமையாளருக்குத்தான். இரண்டாவது கைக்கு வந்தால் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று சுருங்கிவிடும். இதை அவன் எடுத்துச் சொன்னபோது என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

அடுத்து மைத்துனர் நாமக்கல்லில் ஒரு கல்லூரி ஆசிரியரின் காரைப் பார்த்துச் சொன்னார். 2023இல் வாங்கிய டியாகோ மின்கார், 24 யூனிட் பேட்டரி. இரும்பு பாஸ்பேட் வகை, திரவத்தால் குளிர்விப்பது. 31,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. வீட்டுச் சார்ஜர்தான் பெரும்பாலும். அவர் வெளியூர் மாற்றலாகிப் போகிறார், அதனால் விற்கிறார். மலை ஏற்றிப் பார்க்க வேண்டும் என்றதும் தயங்காமல் சாவியைக் கொடுத்தார். பாதி முடிவு எனக்கு அங்கேயே ஆகிவிட்டது.

என் மனைவி பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "ஏனுங்க, சும்மா ஏறி இறங்கறதுக்கு அறப்பளீஸ்வரரைப் பார்த்துட்டே வந்துடலாம். சாமி பார்த்து நாலு வருசமாச்சு" என்றாள்.

எழுபது வளைவுப் பரீட்சை

காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி அடிவாரம். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். கிளம்புமுன் ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டுக்கொண்டேன். காரும் மூன்று பேரும் சேர்ந்து 1,400 கிலோ. ஆயிரம் மீட்டர் உயரம் தூக்க 3.8 யூனிட் மின்சாரம் வேண்டும். அது இயற்பியல், யாராலும் குறைக்க முடியாது. டயர் உராய்வு, வளைவில் வேகம் குறைத்துக் கூட்டுவது, மோட்டாரில் வீணாவது எல்லாம் சேர்த்தால் ஆறு, ஆறரை யூனிட். அதாவது பேட்டரியில் கால் பங்குக்குச் சற்று மேல்.

அடிவாரத்தில் பேட்டரி 84 சதவீதம். மைத்துனர் ஓட்டினார், நான் வளைவுக்கு வளைவு எண்ணிக் குறித்துக்கொண்டே வந்தேன். எனக்கு வேண்டியது மொத்தம் எவ்வளவு என்பது மட்டும் அல்ல. சீராக இறங்குகிறதா, எங்காவது திடீரென்று விழுகிறதா என்பதுதான். பலவீன செல் இருந்தால் ஏற்றத்தில் காட்டிக்கொடுத்துவிடும். சதவீதம் ஒவ்வொன்றாக நிதானமாக இறங்கியது. சோளக்காட்டில் 57. கணக்குக்கு ஒத்து வந்தது.

கோயிலுக்குப் போய்ச் சாமி பார்த்தோம். மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டு சன்னதி வரை நடந்தாள். திரும்பிச் சோளக்காடு வந்தபோது 41. இறங்கும்போது மோட்டாரே டைனமோவாகிப் பேட்டரிக்குத் திருப்பிக் கொடுக்கும். அடிவாரத்தில் 46. நம் பெட்ரோல் கார்கள் இந்த இறக்கத்தில் பிரேக் தேய்ந்து கருகும் வாசனைதான் கொடுத்திருக்கின்றன. எனக்கு அந்த ஐந்து சதவீதத்தைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது.

நாமக்கல் வந்தபோது 34. இரவு மைத்துனர் வீட்டில் சார்ஜ் போட்டேன். பிளக்குக்கு முன்னால் ஒரு மின்மீட்டரை மாட்டி வைத்தேன், பழைய தொழில் புத்தி. காலையில் 100 சதவீதம், மீட்டரில் 17 யூனிட். சார்ஜரில் வீணாவது 12 சதவீதம் என்று கழித்தால் பேட்டரிக்குள் போனது 15. 66 சதவீதத்துக்கு 15 என்றால் முழுமைக்கு 22.7. புதிதில் 24. ஆக நூற்றுக்கு 94 பங்கு ஆரோக்கியம். உத்தேசக் கணக்குதான், ஆனால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் விசாரிப்பதற்கு முன்னால் நம் கையிலேயே ஒரு எண் இருப்பது நல்லது.

முடிவு

ஆசிரியர் 6.75 கேட்டார். 6.40க்கு முடிந்தது. தனி ஆள் விற்பதால் வியாபாரி லாபமும் இல்லை, அதன் மேல் வரியும் இல்லை. அதே மாதிரி புதுசு ரோட்டுக்கு வரப் பதினொரு லட்சத்தை ஒட்டி வந்திருக்கும். படிவம் 29, 30 கையெழுத்து, லோன் முடிந்ததற்குப் பேங்கின் தடையின்மைச் சான்று, இன்சூரன்ஸ் மாற்றம், இவற்றோடு பேட்டரி உத்தரவாதம் என் பெயருக்கு மாறியது என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டேன். உத்தரவாதம் 2031 வரை. அப்போது எனக்கு 76 வயது. மகனிடம் அதைத்தான் சொன்னேன். "15 வருட உத்தரவாதம் நல்லதுதான்டா. அது முடியும்போது எனக்கு 85. எனக்கு வேண்டியது அடுத்த ஆறு வருசம்." அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரிப்பா" என்றான்.

அவன் பயத்துக்கும் ஒரு ஏற்பாடு செய்தேன். மிச்சமான நாலரை லட்சத்தைத் தொடவில்லை, அது அவள் வைத்தியத்துக்கு. அதோடு மாதம் மூவாயிரம் ரூபாய் தனியாக அஞ்சலகத் தொடர் வைப்பில் போடுகிறேன். ஹார்ட்போர்டு மின்சாரக் கம்பெனி மாதாமாதம் வசூலித்த பேட்டரிக் கட்டணத்தை நானே எனக்குக் கட்டிக்கொள்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி போனால் அந்தப் பணம் இருக்கும். போகாவிட்டால் பேத்திக்கு.

எல்லாரும் பழசு வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. தினமும் நூற்றைம்பது கிலோமீட்டர் ஓட்டுபவர், பத்துப் பதினைந்து வருடம் வைத்திருக்கப் போகிற இளவயதுக்காரர், பேட்டரியைச் சோதிக்க ஆள் துணை இல்லாதவர், இவர்களுக்குப் புதுசுதான் சரி. என் மகன் தனக்கு வாங்கும்போது புதுசு வாங்கட்டும். நம் மாதிரி வயதானவர்கள், தினசரி ஓட்டம் குறைவானவர்கள், பழசை யோசிக்கலாம். ஆனால் வண்டியை ஒரு தரமும் பேட்டரியை ஒரு தரமும் தனித்தனியாகப் பாருங்கள். பளபளப்பு வண்டியில் மட்டும்தான் தெரியும்.

மின்வாரியத்துக்காரன் என்ற முறையில் இரண்டு வார்த்தை. பழைய வீடுகளில் பதினைந்து ஆம்பியர் பிளக் இருக்கிறது என்று அப்படியே சார்ஜரை மாட்டாதீர்கள். தனி ஒயர், தனி எம்சிபி, ஒழுங்கான எர்த் வேண்டும். நம் ஊரில் பாதி வீடுகளின் எர்த் குழி உப்பும் கரியும் கண்டு இருபது வருடம் ஆகியிருக்கும். இன்னொன்று, இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் படி மாறும். ஏசியும் காரும் சேர்ந்தால் அந்தக் கோட்டைத் தாண்டுவது சுலபம். எங்களுக்கு காருக்கு இரண்டு மாதத்துக்கு 190 யூனிட் பக்கம் ஆகிறது. அந்தக் கூடுதல் பில் முழுவதும் சேர்ந்தாலும், முன்பு இரண்டு முறை ராசிபுரம் போய்வரக் கொடுத்த வாடகைக்குள் அடங்கிவிடுகிறது.

கார் வந்து எட்டு மாதம் ஆகிறது. சிகிச்சைக்கு ஒரு நாள்கூடத் தவறவில்லை. முன்பு வாடகை மிச்சம் பிடிக்க, வாரம் ஒன்றை நாங்களே விட்டுவிடுவோம், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல். போன வாரம் ராசிபுரத்தில் இறங்கும்போது நான் சுற்றி வந்து கதவைத் திறப்பதற்குள் அவளே திறந்துவிட்டாள். இடது கையால். பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி நின்றுகொண்டேன்.